பட்டைதான் சின்னது

வணக்கம் அக்கா,

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எழுதுகிறேன். வயது 51. மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு போட்டுவிட்டது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் நழுவிவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறேன். கண்ணாடி முன்னால் நின்று ‘என் உடம்பை நேசிக்கிறேன்’ என்று சொல்லச் சொல்கிறார்கள், வாய் வரவில்லை. ஆறு மாதம் முன்பு கிளினிக்கில் பிரஷர் பார்த்தபோது, ‘கை இவ்வளவு தடிமனா இருந்தா பட்டை எப்படி நிக்கும்?’ என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். 158/96 காட்டியது. கை தடிமனால்தான் அப்படிக் காட்டுகிறது என்றார் வீட்டுக்காரர். அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. மூளைக்கு வல்லாரை மாத்திரை சாப்பிடலாமா?

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மறதியைத் தீர்க்கும் என்று நம்பி மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். கண்ணாடி முன்னால் சொல்ல வாய் வரவில்லையா, சொல்ல வேண்டாம். பாலை மறப்பது இந்த வயதில் பல நேரம் தூக்கம் கெட்டதால் வருவது. தைராய்டும் வைட்டமின் பி12-ம் ரத்தத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். குறட்டை இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ராத்திரி இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். பட்டினி கிடப்பது உடம்புக்குக் கொடுக்கும் தண்டனை. உங்கள் உடம்பு தண்டனைக்குரிய தப்பு எதுவும் செய்யவில்லை.

ஆனால் ஆறு மாதம்! 158/96 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு மாதம் சும்மா இருந்திருக்கிறீர்களே, அதற்குத்தான் கோபம் வருகிறது. உங்களை அப்படிக் கேட்டது தவறு, மன்னிக்கக் கூடாத தவறு. அதற்காக மூளையைப் பலி கொடுப்பீர்களா?

வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. காற்றுப் பட்டையின் உள்ளே இருக்கும் பை, மேல்கைச் சுற்றளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தையாவது அணைத்துப் பிடிக்க வேண்டும். பை சின்னதாக இருந்தால் ரத்தக்குழாயை அமுக்க அதிகக் காற்று தேவைப்படும், எண் கூடிவிடும். எவ்வளவு கூடும் என்பதும் தெரிந்ததுதான். பெரிய பட்டை வேண்டிய கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் மேல் எண் சராசரியாக 5 கூடும். மிகப் பெரிய பட்டை வேண்டிய கையில் 20 வரை போகும். ஆக, உங்கள் 158 உண்மையில் 153-ஆக இருக்கலாம், 138-ஆகவும் இருக்கலாம். முதலாவதென்றால் வைத்தியம் உறுதி. இரண்டாவதென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட முடியாது. அளக்காமல் யாராலும் சொல்ல முடியாது, வீட்டுக்காரரும் சேர்த்துத்தான்.

ஜாக்கெட் தைக்க வைத்திருக்கிற டேப்பை எடுங்கள். தோள்பட்டை எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, கையைத் தளர்த்தி, சதை அமுங்காமல் சுற்றி அளந்துகொள்ளுங்கள். சென்டிமீட்டர் பக்கத்தைப் பாருங்கள், 35 வந்தால் 35. வெட்கப்படுவதற்கு அதில் ஒன்றுமில்லை, மெடிக்கல் ஷாப்பில் சொல்ல வேண்டிய செருப்பு சைஸ் மாதிரி ஒரு எண். பட்டையிலேயே அச்சடித்திருக்கும்: 22–32 சாதாரணம், 32–42 பெரியது. உங்கள் எண் அதற்குள் வர வேண்டும். மணிக்கட்டில் கட்டுகிற மிஷின் வேண்டாம், மேல்கையில் கட்டுவதையே வாங்குங்கள்.

காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், முதுகு சாயும் நாற்காலியில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். பாதம் தரையில், கால்மேல் கால் வேண்டாம். கை மேசைமேல், பட்டை இதயத்தின் உயரத்தில். கையை மடியில் வைத்தால் 4, தொங்கவிட்டால் 6.5 என்று மேல் எண் கூடும். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. துணிமேல் சுற்றாதீர்கள். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவதும் தப்பு, அந்தச் சுருளே கயிறு மாதிரி கையைக் கட்டிவிடும். கழற்றிவிட்டு நைட்டியில் உட்காருங்கள். அளக்கும்போது பேசக் கூடாது, சீரியலும் வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை, சாயங்காலமும் இரண்டு முறை, ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ டாக்டர். 180/120-க்கு மேல் போய், நெஞ்சு வலியோ பேச்சுக் குழறலோ ஒரு பக்கம் கை கால் வலுவிழப்போ இருந்தால் சராசரிக்குக் காத்திருக்காமல் 108.

மூளையைக் கேட்டீர்கள், நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். காரணம் இருக்கிறது. உடம்பு எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆக்ஸிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அதை உள்ளே கொண்டுபோகும் நுண்குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. அழுத்தம் வருஷக்கணக்கில் மோதினால் சுவர் தடித்து உள்வழி குறுகி, மூளையின் ஆழத்தில் அங்கங்கே திட்டுத்திட்டாகப் பாதிக்கும். தலைவலிகூட வராது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் சொன்ன, டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணங்களில் நடுவயது ரத்த அழுத்தமும் ஒன்று. உங்கள் வயதில்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன். முதுநகர்க் கருவாட்டை முழுக்க விடச் சொல்ல எனக்கே மனசு வராது. ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றுங்கள், அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் வேண்டாம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் அரை மணி நேரம் நடங்கள், இளைப்பதற்காக அல்ல. எடை ஒரு கிலோவும் இறங்காமலே அழுத்தம் இறங்கும்.

மறுபடி கிளினிக்குக்குப் போக மனசு வரவில்லை என்றால் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரைக் கேளுங்கள், பிரஷரை வீட்டிலேயே பார்ப்பார்கள். டாக்டரிடம் போகும்போது நோட்டையும் மிஷினையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பட்டையை எடுத்தால், ‘என் கைச் சுற்றளவு இவ்வளவு, பெரிய பட்டை போடுங்க’ என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். இல்லை என்றால் உங்கள் மிஷினை எடுத்து மேசைமேல் வையுங்கள்.