தோட்டத் தொழிலாளர்கள் ஏமாற்றுபவர்களுக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, பிறகு சம்பளம் போதவில்லை என்று கத்துவது ஏன்?

கேள்வியின் கீழே "அரசியல் விழிப்புணர்வு இல்லாததுதானே காரணம்?" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரி இல்லாவிட்டால் பேசாமல் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ மாதச் சம்பளம் வாங்குபவர் என்று நினைக்கிறேன். நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று 2024இல் செய்தியில் படித்திருப்பீர்கள். அதை முப்பதால் பெருக்கி, நாற்பதாயிரம் வருகிறதே, கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் எண்பதாயிரம், இன்னும் என்ன வேண்டும் என்று தோன்றியிருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. செய்தியில் ரூபாயைத்தான் போடுவார்கள். கிலோவைப் போடுவதில்லை.

நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அம்மா இன்னும் அங்கேதான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். உயர்தரப் பரீட்சை (ஏ.எல்.) முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். 2020இல் கொரோனா வந்து கடையை மூடியதும் ஊருக்குத் திரும்பி, மறு வருடத் தொடக்கத்தில் பெயர் பதிந்து நானும் கொழுந்து எடுக்க மலைக்குப் போனேன். ஒன்றரை வருடம் கூடை சுமந்திருக்கிறேன். ஆகவே இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை.

அதற்கு முன்னால் 2018 அக்டோபர் 24ஐச் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் கேட்டு மலையகத்துப் பிள்ளைகள் கொழும்பு காலி முகத்திடலில் கறுப்பு உடுப்பில் கூடிய நாள். எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் வந்தோம். கடைகளில், ஹோட்டல்களில், வீட்டு வேலைகளில் இருந்தவர்கள் லீவு கேட்டும் கேட்காமலும் ஓடி வந்தார்கள். எனக்கு ஒரு நாள் சம்பளம் வெட்டினார்கள், பரவாயில்லை. கடல் காற்றில் தொண்டை கிழியக் கத்திவிட்டு, இரவு அம்மாவுக்குப் போன் எடுத்து "இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும்" என்றேன். மூன்று மாதம் கழித்து, 2019 ஜனவரியில், பெரிய தொழிற்சங்கங்கள் தோட்டக் கம்பனிகளோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அடிப்படைச் சம்பளம் 700, மேலே ஒரு 50. அந்த ஒப்பந்தம் அப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வந்தது, எனவே அடுத்ததுவரை வாய் திறக்க முடியவில்லை.

சரி, ஆயிரம் கடைசியில் வந்தது. 2021 மார்ச்சில் அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று அரசாங்க வர்த்தமானியில் போட்டார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சிலர் பாற்சோறு பொங்கினார்கள். ஆனால் அடுத்த மாதமே பெரட்டில், அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்தில், நிற்கும்போது எங்கள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சொன்னார், இனி முழுப்பேருக்கு இருபது கிலோ என்று. அதுவரை எங்கள் மலையில் பதினாறு.

பேர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: கொழுந்து கேட்ட கிலோவுக்கு வந்தால் அன்றைக்கு உங்களுக்கு ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். காலை ஏழரைக்கு ஏறி மாலை நாலரைக்கு இறங்கியிருந்தாலும் அப்படித்தான்.

நிறுவை ஒரு நாளைக்கு மூன்று தடவை. தராசை மரக்கொம்பில் தொங்கவிட்டிருப்பார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடும். அது ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார், அந்த எண்ணில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ ஏற்கனவே கழிந்திருக்கும். மழை நாளில் மூன்று. ஒரு நாள் அம்மாவுக்கு மூன்று நிறுவையும் சேர்த்து பத்தொன்பது. "பத்தொம்பது, அரைப்பேரு" என்று புத்தகத்தில் எழுதினார். அம்மா, "ஐயா, ஒரு கிலோதானே, நாளைக்குச் சேத்துக் குடுத்துர்றேன்" என்றார். கணக்கப்பிள்ளை நல்ல மனிதர்தான். தலையை நிமிர்த்தாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் கொழுந்துக் கறை, வெடிப்பில் ரத்தம். அந்தக் கையை அவர் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் துடைத்ததுதான் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது.

அம்மாவின் சம்பளச் சீட்டுகளை நான் எடுத்து வைத்திருந்தேன். 750 ரூபாய்ச் சம்பளத்தில், 2021 பெப்ரவரியில், 22 பேர். கழிவுகளுக்கு முன் 16,500. ஆயிரம் ரூபாய்ச் சம்பளத்தில், மே மாதம், 13 முழுப்பேர், 6 அரைப்பேர். 16,000. வேலை நாளையும் குறைத்திருந்தார்கள். சம்பளம் ஏறிய பிறகு கைக்கு வந்தது ஐந்நூறு ரூபாய் குறைவு. எல்லாத் தோட்டத்திலும் இப்படியா என்று யாராவது கேட்பீர்கள். இல்லை, பதினெட்டோடு நிறுத்திய தோட்டமும் இருக்கிறது. நான் என் மலையைத்தான் சொல்கிறேன்.

அதே வருடம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். உரமில்லாமல் தேயிலை கொழுந்து விடாது. புல் மட்டும் இடுப்புவரை வளர்ந்தது, அட்டை காலில் ஏறியது. ஆனால் இருபது இருபதாகவே இருந்தது.

அப்புறம் 2022. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9. எங்களுக்கு இந்த எண்கள் தேவைப்படவில்லை, கோதுமை மா சொல்லிற்று. கிலோ 400 ரூபாய் வரை போனது. அரைப்பேர் நாளில் கிடைக்கும் ஐந்நூறில் ஒரு கிலோ மாவும் ஒரு தேங்காயும் வாங்கினால் முடிந்தது. தோட்டத்தில் காலைக்கும் பகலுக்கும் ரொட்டிதான் உயிர். அம்மா முதலில் தேங்காய்ப்பூவை நிறுத்தினார். தேங்காய் இல்லாத ரொட்டி பத்து மணிக்கே தோல் மாதிரி ஆகிவிடும். மலையில் உட்கார்ந்து அதைச் சாயத்தண்ணியில், அதாவது வெறும் தேநீரில், முக்கி ஊறவைத்துத் தின்போம். யாருடைய ரொட்டியில் தேங்காய் இருக்கிறது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகினோம்.

அந்த ஆயிரம் 2021 மார்ச்சிலிருந்து 2024 செப்டம்பர் வரை ஆயிரமாகவே இருந்தது. நாட்டில் எல்லா விலையும் மாறிய மூன்றரை வருடம் அது. இடையில் 2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1700 என்று அறிவித்தார். கம்பனிகள் வழக்குப் போட்டன, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பிறகு ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னால் 1350 வந்தது. தேர்தலுக்கு முன்னால்தான் வரும் என்பது எங்கள் லயத்துச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

கம்பனிகளுக்கு நட்டம், உற்பத்திச் செலவு கூட, சம்பளத்தை ஏற்றினால் தோட்டத்தை மூட வேண்டியதுதான் என்று சிலர் எழுத வருவார்கள். உலகச் சந்தையில் போட்டி இருப்பது உண்மை. ஆனால் கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதுச் செடி நடாமல் விட்டது கொழுந்து எடுக்கிற பெண் இல்லையே. 1992இல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது எங்களை யாரும் கேட்கவில்லை.

இனி ஓட்டுக்கு வருகிறேன். ஏன் திரும்பத் திரும்ப அதே ஆட்களுக்குப் போட்டார்கள்? என் பாட்டி 1938இல் பிறந்தவர், இந்த மண்ணிலேயே பிறந்தவர். 1947 தேர்தலில் தோட்ட மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் குடியுரிமை போனது, தொடர்ந்து ஓட்டும் பறிபோனது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பாட்டி முதல் ஓட்டைப் போட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அந்தக் குடியுரிமைக் கடதாசியை வாங்கித் தந்தவர்கள் என்று யாரை நம்பினாரோ அவர்களுக்குச் சாகும்வரை போட்டார். அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாவின் காலத்தில் கணக்கு வேறு. கூரைத் தகரம் ஒழுகினால், ராத்திரி வயிற்றுவலி வந்து தோட்டத்து லொறி வேண்டுமென்றால், பொலிசில் பிள்ளையைப் பிடித்து வைத்தால், தோட்டத்துத் துரையிடம் (மனேஜரிடம்) போய்ப் பேச ஒரே ஆள் சங்கத்துத் தலைவர். சம்பளத்தில் சங்கச் சந்தா வெட்டுகிற வீட்டுக்குத்தான் அவர் வருவார். தேர்தலில் அவர் கை காட்டும் இடத்தில் புள்ளடி போடாமல், அடுத்த மழைக்கு யாரிடம் போவது? ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை வரும் கொள்கையைவிட நாளைக்கு வேண்டிய தகரம் பெரிது. இது நன்றாக யோசித்துப் போட்ட ஓட்டு.

அதோடு தோட்ட மக்கள் மாறவே இல்லை என்பதும் தப்பு. 2021க்குப் பிறகு கூட்டு ஒப்பந்தம் போனது, சம்பளத்தில் சந்தா வெட்டுவதும் நின்றது, தலைவருக்கிருந்த பிடியும் தளர்ந்தது. 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தோட்ட மக்கள் போடாமல் அது நடந்திருக்குமா? நான் அந்தக் கட்சிக்காரி இல்லை, அதையும் சொல்லி வைக்கிறேன். அம்மா யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1350ஐ 1550 ஆக்கி, வருகைக்கு அரசாங்கம் 200 கொடுத்து, 1750 ஆக்குவதாக அறிவித்தார்கள். சந்தோஷமாகப் போன் எடுத்துச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி, "கிலோ எத்தனையாம் புள்ள?"

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மனசில் கிடந்து குமைகிறது. எங்கள் லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. வீட்டு இலக்கம், வீதிப் பெயர் எதுவும் இல்லை. வருகிற கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிசுக்குப் போகும், அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால் உண்டு. 2023இல் ஓர் அரச நிறுவனத்தில் எழுதுவினைஞர் (கிளார்க்) வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கான கடிதம் என் கைக்கு வந்தபோது, நேர்முகம் முடிந்து ஐந்து நாள். பதினாறு நாளாக ஒபிசில் ரப்பர் பட்டி போட்ட ஒரு கடிதக் கட்டுக்குள் கிடந்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்குப் போன் எடுத்துக் கெஞ்சினேன். "அடுத்த முறை பாருங்கள்" என்றார்கள். வாக்காளர் அட்டையை மட்டும் தபால்காரர் லயத்துக்கே வந்து, ஒவ்வொரு காம்பரா வீடாகப் பெயர் கூப்பிட்டுக் கையில் கொடுப்பார். அது எனக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒரு கடிதத்துக்கு முடிந்தது மற்றக் கடிதத்துக்கு ஏன் முடியவில்லை என்று இதுவரை எங்கள் ஓட்டில் போன ஒருவராவது கேட்டிருக்க வேண்டாமா?

இப்போது எந்த விண்ணப்பத்திலும் டவுனில் தெரிந்த ஒரு கடைக்கார அண்ணனின் முகவரியைத்தான் எழுதுகிறேன். தங்கைக்கும் அதையே கொடுத்திருக்கிறேன். அவள் இந்த வருடம் ஏ.எல். எழுதுகிறாள்.