ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் கடலின் சுவையை எங்கே தேடுவது?

யாழ்ப்பாணத்திலிருந்து டப்ளினுக்குச் சென்று பணியாற்றும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “அலுவலக நண்பர்கள் என் பிறந்தநாளுக்கு ஆய்ஸ்டர் ஸ்டவுட் இரண்டு போத்தல் பரிசளித்தார்கள். சிப்பி போட்டுக் காய்ச்சிய கறுப்பு பீர் என்கிறார்கள். உண்மையிலேயே அதில் சிப்பி இருக்கிறதா, பெயர் மட்டும்தானா? மீன் வெடுக்கு அடிக்குமோ என்ற தயக்கத்தில் இன்னும் திறக்கவில்லை. எனக்குப் பழக்கமானது இலங்கையின் லயன் ஸ்டவுட் ஒன்றுதான். இதை முறையாகச் சுவைப்பது எப்படி? என் மனைவிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. அவர் ஒரு வாய் குடித்துப் பார்க்கலாமா?”

கடைசிக் கேள்விக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது: உங்கள் மனைவி ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். இறாலும் சிப்பியும் வெவ்வேறு இனங்கள் என்பது உண்மைதான். ஆனால் இறால் ஒவ்வாமையைத் தூண்டும் முதன்மையான புரதமாகிய ட்ரோப்போமயோசின் சிப்பியின் தசையிலும் இருக்கிறது. இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் எல்லோருக்கும் சிப்பியும் ஒவ்வாது என்று சொல்ல முடியாது. சிலருக்கு இரண்டுமே ஒவ்வாது. கொதிக்கவைத்தால் அந்தக் குணம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் புரதம் வெப்பத்தைத் தாங்கி நிற்கக்கூடியது என்பதால் இந்த நம்பிக்கை ஆபத்தானது. அவருக்குச் சிப்பி ஒத்துக்கொள்ளுமா என்பதை ஒவ்வாமை மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும்; வீட்டில் ஒரு மிடறு கொடுத்துப் பார்த்து அறியும் விடயம் அல்ல அது.

இனி, சிப்பி உண்மையிலேயே இருக்கிறதா என்ற கேள்வி. போத்தலின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சீட்டிலேயே பெரும்பாலும் இதற்கு விடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் சிப்பி, கணவாய் முதலிய மெல்லுடலிகளும் அடக்கம். இறால், நண்டு வகை அதே பட்டியலில் வேறாக நிற்கிறது. மதுபானங்களுக்கு முழு மூலப்பொருள் பட்டியல் தர வேண்டியதில்லை என்றாலும் இந்த அறிவிப்பிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே பார்லியோடு மெல்லுடலியும் அடங்கியுள்ளது என்று சீட்டில் அச்சிட்டிருந்தால் சிப்பி உள்ளே போயிருக்கிறது என்று நீங்கள் நம்பலாம். பார்லி மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் அது பெயரளவில் சிப்பி ஸ்டவுட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெயர் மட்டும் தாங்கிய ஸ்டவுட்டைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் அந்தப் பெயருக்கு ஒரு நியாயம் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் லண்டனிலும் டப்ளினிலும் சிப்பி ஏழை எளியவர்களின் மலிவான உணவாக இருந்தது. ஸ்டவுட்டும் அதற்கு முன்னோடியான போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீரும் அதே மக்களின் அன்றாடப் பானமாக இருந்தன. இரண்டும் ஒரே மேசையில் சேர்ந்தது அப்படித்தான். பின்னர் கட்டுக்கடங்காமல் வாரியெடுத்ததால் சிப்பிப் படுகைகள் அழிந்து விலை ஏறியது. சேர்த்து உண்ணும் பழக்கம் மட்டும் நிலைத்தது. அந்தப் பழக்கத்தை நினைவூட்டும் விதமாக, சிப்பியோடு அருந்த உகந்தது என்ற பொருளில் மட்டுமே இப்பெயரைச் சூட்டுபவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் மார்ஸ்டன்ஸ் ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் சிப்பி கிடையாது. பீரைக் காய்ச்சும்போது சிப்பியையே சேர்க்கும் வழக்கம் பிந்தியது. லண்டனின் ஹாமர்ட்டன் மதுவடிசாலை 1938இல் அவ்வாறு செய்தது பதிவாகியிருக்கிறது. உங்கள் ஊரிலேயே போர்ட்டர்ஹவுஸ் என்ற நிறுவனம் உடைத்தெடுத்த சிப்பிச் சதையைச் சேர்த்துத்தான் தன் ஆய்ஸ்டர் ஸ்டவுட்டைத் தயாரித்து வந்திருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் பிளையிங் டாக் என்ற நிறுவனம் ரப்பஹானக் ஆற்றுமுகச் சிப்பிகளைக் கொண்டு காய்ச்சியது. ஒரே ஒரு பெயரிடம் மட்டும் கவனமாக இருங்கள்: டென்வரின் வின்கூப் 2012இல் வெளியிட்ட ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் சேர்ந்தது காளையின் விந்தகம், அந்த வட்டாரத்து வழக்கில் அதற்குச் சிப்பி என்று பெயர்.

இருபது லிட்டர் அளவில் வீட்டில் காய்ச்சுபவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் சிப்பியை, கொதியின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களில் ஓட்டோடு போடுவது வழக்கம். நீங்கள் ஊற்றிக் குடிக்கும் ஒரு குவளைக்கு இதில் சிப்பியின் மிகச் சிறிய பங்குதான் வந்து சேரும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி ஏமாற்றமும் முழுப் பயமும் நீங்கிவிடும். அந்தச் சிறு பங்கு மூன்று வழிகளில் வேலை செய்கிறது. சிப்பிக்குள் தேங்கி நிற்கும் கடல்நீர் உப்பைக் கொண்டுவருகிறது. சதையிலிருந்து புரதமும், நாவில் ஊறும் சுவை தரும் குளுட்டமேட்டும் கரைகின்றன. வாயில் உணரும் தடிப்புக்கு அந்தப் புரதம் சற்று உதவுகிறது. ஓடு கால்சியம் கார்பனேட் ஆகையால், கருக வறுத்த பார்லி கொடுக்கும் புளிப்பைச் சிறிதளவு தணிக்கிறது. நம் ஊர்களில் சுட்டு நீற்றி வெற்றிலைக்குச் சுண்ணாம்பாக்கிய கிளிஞ்சல் ஓடும் இதே பொருள்தான்.

இவற்றில் நான் முதலிடம் கொடுப்பது உப்புக்கு. பாவற்காயை அரிந்து உப்புப் பிசறி வைக்கிற எவருக்கும் இது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கும். கசப்பு நீரோடு வடிகிறது என்பது ஒரு பாதி. மறு பாதி, உப்பில் உள்ள சோடியம் நாக்கில் கசப்பு உணர்வையே தணித்துவிடுகிறது என்பது. ஸ்டவுட்டிலும் அதுவே நடக்கிறது. பீரில் கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் வறுத்த தானியத்தின் கசப்பும் அளவில் அப்படியே இருக்கும். நமக்கு மட்டும் அவற்றின் முனை மழுங்கி, அடியில் கிடந்த கோக்கோவும் இனிப்பும் மேலே வந்தாற்போலத் தோன்றும். ஆகவே நல்ல ஆய்ஸ்டர் ஸ்டவுட்டில் சிப்பியை ஒரு தனிச் சுவையாகத் தேடினால் அகப்படாது. கசப்பு எங்கே, எப்படி முடிகிறது என்று பார்த்தால் அகப்படும்.

வெடுக்கைப் பற்றிய உங்கள் தயக்கத்துக்கும் சமையலறையிலேயே பதில் இருக்கிறது. மீன் வெடுக்குக்குக் காரணம் ட்ரைமெத்தில் அமீன் என்ற, அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள். புளிப்போடு சேரும்போது அது ஆவியாகி மூக்குக்கு வர முடியாமல் கட்டுண்டுவிடுகிறது. மீனைப் புளி தேய்த்துக் கழுவுவதும், குழம்பில் பழப்புளி கரைத்து விடுவதும், பொரித்த மீனில் எலுமிச்சை பிழிவதும் இதனால்தான் பலிக்கின்றன. பீர் இயல்பிலேயே புளிப்புத் தன்மை உடையது, அத்துடன் சிப்பியில் இந்த அமீனுக்கான மூலப்பொருள் கடல்மீனில் உள்ளதைவிட மிகக் குறைவு. ஆகவே திறந்தவுடன் வெடுக்கு அடித்தால் அந்த போத்தலில் குறை இருக்கிறது என்றே கொள்ளுங்கள். அதைப் பழகிக்கொள்ள வேண்டிய சுவை என்று நினைத்துக் கட்டாயப்படுத்திக் குடிக்க வேண்டாம்.

சுவைக்கும் நாளன்று கூடவே சாதாரண ஐரிஷ் டிரை ஸ்டவுட் (இனிப்புக் குறைந்த வகை) ஒன்றையும் வாங்கி வையுங்கள். தனியாகக் குடித்தால் எதற்கு எது காரணம் என்று நாக்குக்குத் தெரியாது; பக்கத்தில் ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலாக லயனைக் கொள்ள வேண்டாம். 8.8 சதவீத மதுவும் கரும்பாகு போன்ற இனிப்பும் கொண்ட அது வேறொரு குடும்பம். ஆய்ஸ்டர் ஸ்டவுட்டுகளில் பல 5 சதவீதத்தை ஒட்டியே நிற்பவை. லயனை நினைத்துக்கொண்டு இதைக் குடித்தால் தண்ணீராகத் தோன்றும், அது இந்த பீருக்குச் செய்யும் அநீதி. ஒப்பிட எடுக்கும் ஸ்டவுட்டையும் போத்தலாகவே வாங்குங்கள். மதுக்கடையில் குழாயில் வருவது நைட்ரஜன் ஏற்றப்பட்டது. அதன் நுரை வெண்ணெய் போல் மென்மையாக இருக்கும், ஆனால் மணத்தை அமுக்கிவிடும்.

இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் வெளியே வையுங்கள். 10 முதல் 12 பாகை செல்சியஸ் வரை வர வேண்டும். கடுங்குளிரில் கசப்பும் துவர்ப்பும் மட்டுமே முன்னால் நிற்கும். குவளையைச் சவர்க்காரப் பசை போக நன்றாக அலசுங்கள், அதன் எச்சம் நுரையைக் கொன்றுவிடும். சரித்துப் பிடித்து ஊற்றத் தொடங்கி, முக்கால் பங்கு நிறைந்ததும் நிமிர்த்தி நடுவில் விடுங்கள். பழுப்பேறிய பால்கோவா நிறத்தில் இரு விரல் நுரை எழும்பும். குவளையை விளக்குக்கு எதிரே பிடித்தால் கறுப்பு என்று நினைத்தது ஓரத்தில் மாதுளைச் சிவப்பாக ஒளிவிடுவதைப் பெரும்பாலும் காணலாம்.

நுரை அடங்குமுன் முகருங்கள். நீளமாக இழுக்காமல் இரண்டு மூன்று சிறு மோப்பம் போதும். முதலில் வருவது வறுத்த காப்பிக்கொட்டையும் கரும் சாக்லேட்டும். குவளையைச் சுழற்றிவிட்டு மூக்கைச் சற்று விலக்கி மீண்டும் முகர்ந்தால், நல்லதொன்றில் கடல் வற்றிய வேளையில் பாறைமேல் காயும் பாசியின் மணம், நனைந்த கல்லின் மணம், இவை மெல்லியதாக வரும். வராமலும் போகலாம். சோயா சாஸின் நெடி வந்தால் மட்டும் அதைக் கடல் என்று எண்ணிவிடாதீர்கள். போத்தலுக்குள் ஈஸ்ட் செத்துச் சிதைந்தாலும் பீர் முதுமையடைந்தாலும் அந்த நெடியும் உப்பிட்டாற்போன்ற சுவையும் வரும். அனுபவமுள்ளவர்களும் தவறிவிடும் இடம் இது. நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது.

முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு; அதைக் கொண்டு எதையும் தீர்மானிக்க வேண்டாம். இரண்டாவது வாயை நாக்கு முழுவதும் நனையும்படி நிறைவாக எடுத்து, இரண்டு மூன்று நொடி வைத்திருந்து விழுங்கி, வாயை மூடியபடி மூக்கால் மூச்சை விடுங்கள். உவர்ப்பு நாக்கின் ஓரத்தில், இனிப்பு நுனியில் என்று பள்ளிப் புத்தகங்களில் போட்டிருந்த வரைபடம் தவறானது, ஆகவே உப்பை எந்த இடத்திலும் தேட வேண்டாம். விழுங்கியபின் வரும் பத்து நொடியில்தான் உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டும். சாதாரண டிரை ஸ்டவுட் பால் கலக்காத கடுஞ்சாயத் தேநீர் போலத் துவர்த்து, கன்னத்தின் உட்புறத்தை இழுத்துப் பிடித்து முடியும். சிப்பி சேர்ந்தது அவ்விடத்தில் துவர்ப்பை முழுதாக முடிக்க விடாமல் மெல்லிய உவர்ப்புக்குத் திரும்பும்; வாயில் எச்சில் ஊறும்; அடுத்த வாய்க்குக் கை தானாகப் போகும். தமிழில் துவர்ப்புக்கும் உவர்ப்புக்கும் தனித்தனிச் சொற்கள் வழக்கில் இருப்பது இங்கே பேருதவி. அந்த இரு சொற்களுக்கும் இடையில் நடக்கும் மாற்றத்தைக் கவனித்தால் போதும்.

உங்கள் நாக்கை நீங்களே சோதிக்க விரும்பினால் நண்பர் ஒருவரிடம் மூன்று குவளைகளைக் கொடுத்து, இரண்டில் ஒரு பீரையும் ஒன்றில் மற்றதையும் நீங்கள் பாராமல் ஊற்றித் தரச் சொல்லுங்கள். வேறான குவளை எது என்று கண்டுபிடியுங்கள். குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக வந்துவிடும், ஆகவே குவளைகளை மாற்றி நான்கைந்து தடவை செய்ய வேண்டும். ஒரு தடவைக்கு ஓரிரு மிடறு போதும். கண்டுபிடிக்க முடியாமல் போனால் அது உங்கள் நாக்கின் குறை என்று நினைக்க வேண்டாம். வேறு பீர்களிலிருந்து பிரித்தறிய முடியாத ஆய்ஸ்டர் ஸ்டவுட்டுகள் பல உண்டு என்பதே என் கருத்து.

கூட எதைத் தின்பது என்பதில் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மிக்சர், காரமாகப் பொரித்த கணவாய் எல்லாம் சுவைத்து முடித்தபின் வரட்டும். மிளகாய் எரிச்சல் ஏறிய நாக்கில் இந்த நுண்மை எதுவும் நிற்காது. இடையிடையே உப்பில்லாத ரொட்டித் துண்டும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஐரிஷ் பழுப்பு சோடா ரொட்டியில் உப்பு வெண்ணெய் தடவி உண்பது மிக நன்றாகச் சேரும். பச்சைச் சிப்பி உண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கால்வே நகரில் 1954இல் தொடங்கிய சிப்பித் திருவிழா செப்டெம்பரில் நடக்கிறது, ஆசை இருந்தால் அங்கே நம்பகமானவர்களிடம் உண்ணுங்கள். கல்லீரல் நோயுள்ளவர்களும் நோயெதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சைச் சிப்பியைத் தவிர்க்க வேண்டும். பீர் குடித்தால் சிப்பியில் உள்ள கிருமி செத்துவிடும் என்பது உண்மையல்ல.

குவளையில் கால் பங்கை மீதம் வைத்து, அறையின் வெப்பத்துக்கு வரவிட்டு, கடைசியாக ஒரு தடவை சுவையுங்கள். குளிர் விலகியபின் உவர்ப்பு இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டாவது போத்தலை நாள்பட வைத்தால் மெருகேறும் என்று எண்ணிப் பாதுகாக்க வேண்டாம். இந்த அளவு மதுவுள்ள ஸ்டவுட்டுக்கு அந்தத் தாக்குப்பிடிப்பு கிடையாது. வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, சீட்டில் உள்ள தேதிக்கு வெகு முன்பே திறந்துவிடுங்கள்.