ஆட்குறைப்புக் காலத்தில் வேலையின் மதிப்பு: அரவேனுத் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகே வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சோதனைப் பிரிவில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன என்றும், நிறுவனம் ஆட்குறைப்பை அறிவித்துவிட்டது என்றும், கூட்டங்களில் பேச்செல்லாம் ஜெர்மனில் நடப்பதால் உங்கள் உழைப்பு யார் கண்ணிலும் படுவதாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். "இரவு வரை உட்கார்ந்து வேலை செய்தால் என் மதிப்பு அவர்களுக்குப் புரியுமா அக்கா? இல்லையென்றால் எப்படிப் புரியவைப்பது?" என்பது உங்கள் கேள்வி. விடுமுறைக்கு நான் நீலகிரியின் கோத்தகிரிக்கு வந்திருப்பதால், அரவேனுவில் உங்கள் பெற்றோரையும் பார்த்துப் பேச முடிந்தது. நீங்கள் நாள்தோறும் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருப்பதாக உங்கள் அம்மா வருத்தத்தோடு சொன்னார்கள். அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவிட்டால் உங்களுக்குப் பயன் கிடைக்கும் என்று நான் உறுதியாக நம்புவதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் நிறுவனம் குறைக்கப்போவது ஆட்களையா, அல்லது ஒரு பொருளையே கைவிடப்போகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேறுபாட்டை நீலகிரிக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில், இருட்டறையில் படச்சுருளுக்கு வேதிப்பூச்சு பூசுவதில் தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுடைய திறமையில் எந்தக் குறையும் வரவில்லை. படச்சுருளுக்கான சந்தையே டிஜிட்டல் கேமராவால் இல்லாமற்போனது. இன்று ஜெர்மனியின் வாகனத் துறையிலும் இத்தகைய மாற்றமே நடந்துகொண்டிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைப்பதாகத் தொழிற்சங்கத்துடன் 2024 டிசம்பரில் உடன்பாடு செய்துகொண்டது, வாகன உதிரிபாகங்கள் செய்யும் இசட்.எஃப். நிறுவனம் 2028 இறுதிக்குள் ஜெர்மனியில் 14,000 இடங்கள் வரை குறைக்கப்படலாம் என்று அறிவித்தது. டீசல், பெட்ரோல் இயந்திரங்களுக்கான பாகங்களின் தேவை குறைவது இதற்கான காரணங்களில் ஒன்று. நீங்கள் சோதிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இயந்திரத்துக்கானதா, பிரேக்குக்கானதா, மின்கலத்துக்கானதா என்பது உங்கள் எதிர்காலத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. அது பழைய இயந்திரத்துக்கானது என்றால், அதே பிரிவில் இருந்துகொண்டு மதிப்பை நிரூபிக்க முயல்வதைவிட, நிறுவனத்துக்குள்ளேயே வேறு பிரிவுக்கு மாறும் வழியை இந்த மாதமே தேடத் தொடங்குவது நல்லது.

அடுத்து, அந்த நாட்டில் யாரை நீக்குவது என்பதை மேலாளரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. பத்துப் பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனத்தில் ஆறு மாதங்களைக் கடந்த ஊழியருக்குப் பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். எட்டு மாதங்களை முடித்திருக்கும் நீங்களும் அதற்குள் வந்துவிட்டீர்கள். வேலை குறைந்துவிட்டது என்ற காரணத்தால் ஒருவரை நீக்கும்போது, ஒருவர் இடத்தில் மற்றவரை வைக்கக்கூடிய ஊழியர்களை ஒன்றாகச் சேர்த்து, பணிக்காலம், வயது, பராமரிக்க வேண்டிய குடும்பம், கடுமையான உடற்குறைபாடு ஆகிய நான்கையும் நிறுவனம் கருத்தில் கொள்ள வேண்டும். இளைஞர், திருமணமாகாதவர், அண்மையில் சேர்ந்தவர் என்ற முறையில் இந்த நான்கிலும் பாதுகாக்கப்பட வேண்டியவர்களின் வரிசையில் நீங்கள் கடைசியில்தான் நிற்பீர்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மதிப்பு என்ற சொல்லுக்கு அங்கே சட்டப்படியே ஓர் இடம் இருப்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதினேன். ஒருவருடைய அறிவு, திறன், செயல்பாடு ஆகியவற்றால் அவரைத் தொடர்ந்து வைத்திருப்பது நிறுவனத்துக்குத் தேவை என்று காட்ட முடிந்தால், அவரை அந்த ஒப்பீட்டிலிருந்து விலக்கி வைக்க அதே சட்டம் இடமளிக்கிறது. ஆனால் நிறுவனம் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். நல்ல பையன், கடுமையாக உழைப்பவன் என்பன காரணங்கள் ஆகா. இன்ன வேலையை இவரைத் தவிர இப்போது செய்ய ஆளில்லை என்று எழுத்தில் காட்டக்கூடிய ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும்.

இரவு பத்து மணி வரை அமர்ந்திருப்பது அத்தகைய காரணமாக ஒருபோதும் ஆகாது. வேலை நேரச் சட்டப்படி நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே அளவு. பின்னர் சராசரியில் ஈடுசெய்யப்பட்டால் பத்து மணி நேரம் வரை அனுமதி உண்டு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் பதினொரு மணி நேர ஓய்வு கட்டாயம். இவற்றை நீங்கள் மீறினால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் நிறுவனம்தான். நீங்கள் அர்ப்பணிப்பு என்று நினைத்துச் செய்வதை, வேலையை நேரத்துக்குள் முடிக்கத் தெரியாதவர் என்று மேலாளர் புரிந்துகொள்ளவும் கூடும். காய்ச்சலோடு அலுவலகம் போவதும் அப்படித்தான்; மதிப்பு கூடாது, அருகில் இருப்பவர்களின் எரிச்சல்தான் கூடும்.

சரி, எப்படிப் புரியவைப்பது? உங்கள் அப்பா பச்சைத் தேயிலையைப் பறித்துச் சாக்கில் கட்டிச் சாலையோரம் வைத்துவிட்டு வந்தால், அது எத்தனை நல்ல கொழுந்தாக இருந்தாலும், ஏஜெண்டின் தராசில் ஏறி நோட்டில் எடை எழுதப்படும் வரை அதற்குப் பணம் கிடையாது. அலுவலக வேலையும் எழுதப்பட்டால்தான் கணக்கில் ஏறும். செய்ததைத் தானே சொல்லிக்கொள்வது பெருமையடிப்பது என்று சொல்லி நம்மை வளர்த்திருக்கிறார்கள். வேலையே பேசும் என்று நம் வீடுகளில் மெய்யாகவே நம்புகிறார்கள். அந்த அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் நீக்கப்படுவோரின் பட்டியலைத் தயாரிக்கிறவர் உங்களை நேரில் பார்த்திராத மனிதவளத் துறை அதிகாரியாகவும் இருக்கலாம் என்பதால், ஏட்டில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரிய வழியில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மேலாளருக்கு ஐந்தாறு வரிகளில் ஒரு குறிப்பு அனுப்புங்கள். எதை முடித்தேன், அதனால் என்ன மாறியது, எது தடைபட்டிருக்கிறது, அடுத்த வாரம் என்ன செய்யப்போகிறேன் என்பவை போதும். இவற்றுள் இரண்டாவது விஷயத்தைத்தான் நம்மவர்கள் பெரும்பாலும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். "சோதனை நிரலைத் திருத்தினேன்" என்று எழுதினால் அது வெறும் செயல். "நிரலைத் திருத்தியதால் நான்கு மணி நேரம் ஓடிய சோதனை ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது, காலையில் கண்ட பிழையை அன்று மாலைக்குள் வடிவமைப்புப் பிரிவுக்குத் தெரிவிக்க முடிகிறது" என்று எழுதினால், அதைப் படிப்பவர் தன் மேலதிகாரியிடம் அப்படியே எடுத்துச் சொல்ல முடியும். நீங்கள் செய்ததற்கு 'நான்' என்று எழுதுங்கள். மற்றவர் உதவியிருந்தால் அவர் பெயரைத் தவறாமல் சொல்லுங்கள். ஆண்டு இறுதி மதிப்பீட்டுப் பேச்சின்போது இந்தக் குறிப்புகளை ஒரே பக்கமாகச் சுருக்கிக் கொண்டுபோய், அதன் சாரம் பேச்சின் பதிவில் இடம்பெறுமாறு கேளுங்கள்.

கூட்டத்தில் மௌனமாக இருப்பதை அங்கே பணிவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சொல்ல ஒன்றும் இல்லாதவர் என்றே எண்ணுகிறார்கள். உங்கள் பங்கை மட்டும் ஜெர்மனில் முன்கூட்டியே எழுதி, வாய்விட்டுப் படித்துப் பழகி, இரண்டு நிமிடமாவது பேசுங்கள். தட்டுத் தடுமாறிப் பேசும் ஜெர்மனைக் கேட்க அந்த மக்களுக்கு நாம் நினைப்பதைவிடப் பொறுமை அதிகம் என்பது என் அனுபவம்.

எந்த வேலையைக் கையில் எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். செலவைக் குறைக்கும் காலத்திலும் நிறுவனம் நிறுத்த முடியாத வேலைகள் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் வேலைகள் அவற்றுள் முதன்மையானவை. வாகனங்களின் இணையப் பாதுகாப்பு பற்றிய ஐ.நா. ஒழுங்குவிதி 155, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார், பேருந்து, சரக்கு வாகனங்களுக்குப் பொருந்துகிறது. மின்னணுப் பாகங்கள் பழுதானாலும் ஆபத்து நேராமல் காக்கும் செயற்பாட்டுப் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 26262 என்ற தரநிலை இருக்கிறது. வாகன நிறுவனங்கள் இவற்றுக்கான சான்றுகளைத் தங்களுக்குப் பாகம் தருபவர்களிடமும் கேட்கின்றன. நீங்கள் மென்பொருள் சோதனையில் இருப்பவர் என்பதால், இந்த இரண்டில் ஒன்றில் பயிற்சி பெற்று, அதற்கான ஆவணங்களைத் தயாரிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ள வழியிருக்கிறது. சலிப்பூட்டும் வேலை என்று பலர் ஒதுங்குவதால், புதியவருக்கு அது கிடைப்பதும் எளிது.

தனக்கு மட்டும் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லாமல் வைத்திருந்தால் நீக்க மாட்டார்கள் என்று சிலர் உங்களுக்கு அறிவுரை சொல்லக்கூடும்; அதை ஏற்காதீர்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில் 2020இல் வேலை குறைந்தபோது, ஒரு சோதனை மேடையின் இயக்கம் முழுவதையும் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்த மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். அவரைச் சார்ந்திருப்பதே ஆபத்து என்று கருதி, அந்த மேடையையே மூடிவிட்டு அந்த வேலையை வெளியில் கொடுத்துவிட்டார்கள். அதே பிரிவில் இருந்த துருக்கியப் பெண் ஒருவர், தான் செய்யும் சோதனைகளின் வழிமுறைகளைத் தெளிவாக எழுதி வைத்து, பக்கத்துப் பிரிவினருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். பட்டியல் தயாரானபோது, அவரை விட்டுவிடக் கூடாது என்று முதலில் கேட்டது அந்தப் பக்கத்துப் பிரிவின் தலைவர்தான். உங்கள் மேலாளரும் அதே பட்டியலில் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்து, உங்கள் வேலையின் பயனை உங்கள் குழுவுக்கு வெளியே இரண்டு பேராவது அறியும்படி செய்யுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் பெயர் பட்டியலில் வரலாம்; அதற்கும் ஆயத்தமாக இருங்கள். பெட்ரீப்ஸ்ராட் என்னும் ஊழியர் மன்றத்தை நிர்வாகத்தின் ஆட்கள் என்று எண்ணி நம் பிள்ளைகள் பலர் அண்டுவதே இல்லை. அது ஊழியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு; அந்த மன்றம் இருக்கும் நிறுவனத்தில், அதன் கருத்தைக் கேட்காமல் செய்யும் பணிநீக்கம் செல்லாது. இந்த வாரமே அங்கு போய் அறிமுகப்படுத்திக்கொண்டு, உங்கள் பிரிவு பற்றிய திட்டம் என்ன என்று கேளுங்கள். பணிநீக்கம் கையொப்பமிட்ட காகிதக் கடிதமாக வந்தால்தான் செல்லும். மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. கடிதம் கைக்கு வந்ததிலிருந்து மூன்று வாரங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்தக் கெடு தவறினால் உரிமை போய்விடும். இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவதாக ஒரு பத்திரத்தை நீட்டினால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அன்றே கையொப்பமிடாதீர்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று, தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடமோ காட்டுங்கள். அவசரத்தில் போடும் அந்தக் கையொப்பத்தால் வேலையில்லாக் கால உதவித்தொகையும் பன்னிரண்டு வாரங்கள் வரை நிறுத்தப்படலாம்.

அந்த உதவித்தொகை இப்போது உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடந்த முப்பது மாதங்களில் பன்னிரண்டு மாதங்களாவது வேலையின்மைக் காப்பீட்டுக்குப் பங்கு செலுத்தியவருக்கே அது உண்டு. உங்களுக்கு இன்னும் நான்கு மாதங்கள் குறைகின்றன. ஆகவே பேச்சுவார்த்தை என்று வந்தால், பணியின் கடைசி நாள் அந்த ஓராண்டைத் தாண்டுமாறு கேட்பது, கூடுதலாக ஒரு மாதச் சம்பளம் வாங்குவதைவிடப் பெரிய லாபம். கடிதம் வந்த மூன்று நாட்களுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் நீல அட்டையில், அதாவது தகுதி பெற்ற வெளிநாட்டு ஊழியருக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை, வசிப்பு அனுமதியில் இருப்பதால், வேலை போனாலும் மாறினாலும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021ஆம் ஆண்டு நெறிமுறை, இரண்டாண்டு முடியாதவருக்கு மூன்று மாதங்களும் முடித்தவருக்கு ஆறு மாதங்களும் வேலையின்றி இருக்க இடம் தருகிறது. மூன்று மாதம் என்பது அங்கே ஒரு நேர்காணல் சுற்றுக்கே போய்விடக்கூடிய காலம்.

வீட்டுக்கு மேல்தளம் கட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கப்போவதாக உங்கள் அப்பா சொன்னார். நிறுவனத்தின் நிலையை நீங்கள் அவரிடம் சொல்லவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்ததால், நானும் எதுவும் சொல்லவில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம் உங்கள் கணக்கில் சேரும் வரை கட்டட வேலையைத் தள்ளிவைக்கச் சொல்லி நீங்களே பேசுங்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கிய ஆண்டுகளில் குடும்பத்தை நடத்தியவர் அவர். நீங்கள் நினைப்பதைவிட எளிதாகப் புரிந்துகொள்வார்.

இப்போதே செய்ய வேண்டியவை இன்னும் இரண்டு. மேலாளர் மாறும்போதோ, பிரிவு கலைக்கப்படும்போதோ, வேலையில் இருக்கும்போதே உங்கள் பணியை மதிப்பிட்டு நிறுவனம் எழுதித் தரும் இடைக்காலப் பணிச்சான்றைக் கேட்க உங்களுக்குக் காரணம் கிடைக்கிறது. உங்கள் வேலையை நேரில் அறிந்தவர் பதவியில் இருக்கும்போதே அதை வாங்கிவிடுங்கள். அங்கே வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் அதைக் கூர்ந்து படிப்பார்கள். மற்றொன்று மொழி. நீல அட்டை வைத்திருப்பவர் தொடக்க நிலையான ஏ1 அளவு ஜெர்மனோடு 27 மாதங்களிலும், இடைநிலையான பி1 அளவோடு 21 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்துவிட்டால் வேலை போனாலும் நாட்டை விட்டுப் போக வேண்டிய கவலை இல்லை. அலுவலகத்தில் கழிக்கும் அந்த இரவு நேரத்தை மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குக் கொடுங்கள்.

கடந்த எட்டு மாதங்களில் செய்த வேலைகளை ஒரே பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். வாடிக்கையாளர் பெயர், பொருளின் பெயர், நிறுவனத்தின் ரகசிய எண்கள் ஆகியவற்றை மட்டும் நீக்கிவிடுங்கள். விடுமுறை முடிந்து நான் திரும்புவதற்கு முன்பே அதன் ஜெர்மனைத் திருத்தி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா