பெரிய காலிபர் (குழலின் உள்விட்டம்) காற்றுத் துப்பாக்கியின் குழலில் ஈயம் படிகிறது. கடினமான குண்டுக்கு மாறினால் குறையுமா?

மாறாதீர்கள். இதே யோசனையைக் கேட்டு நான் ஏறக்குறைய ஒரு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன்.

உங்களுடையது .45 காலிபர், குண்டையும் நீங்களே வார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையதும் அதுதான். முதல் பதினைந்து குண்டுகள் அடுத்தடுத்து ஒரே இடத்தில் விழும். இருபதைத் தாண்டினால் அட்டை முழுக்கச் சிதறும். குழலைத் துடைத்தால் துணியில் கருஞ்சாம்பல் கீற்றுகளோடு, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாள் போல ஈயச் சிம்புகள் ஒட்டிக்கொண்டு வரும். “ஈயம் மிருதுவாக இருப்பதால்தான் தேய்கிறது, அதைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற உலோகத்தைக் கலந்து வார்த்துப் பார்” என்றார்கள். வார்த்தேன். படிவு இன்னும் மோசமானது.

வெடிமருந்துத் துப்பாக்கிக்குச் சொன்ன வைத்தியத்தைக் காற்றுக்குச் செய்தேன், அதுதான் தவறு. அங்கே அழுத்தம் பல்லாயிரம் பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). நம் காற்றுச் சிலிண்டரில் 200, 250 பார், அதாவது மூவாயிரம் பி.எஸ்.ஐ.யைச் சுற்றித்தான் வரும். இந்தத் தள்ளலுக்குச் சுத்த ஈயம் கொஞ்சமாவது விரிந்து குழலை அடைக்கும். கடினக் குண்டு விரியாது. இடைவெளி வழியே காற்று கசியும், குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் பள்ளங்களான புரியைப் பற்றாமல் குண்டு வழுக்கும், வழுக்கிய இடமெல்லாம் ஈயத்தை இழுகிவிட்டுப் போகும்.

கடைசியில்தான் அளந்து பார்த்தேன். கழற்றிய குழலுக்குள் சிலிக்கோன் எண்ணெய் தடவிய சுத்த ஈய உருண்டை ஒன்றை மரத்தடியால் மெல்லத் தட்டி, மறுமுனை வரை தள்ளினேன். வெளியே வந்த உருண்டையில் புரிப் பள்ளங்களின் அச்சு அப்படியே இருந்தது. ஒரு பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப் பள்ளத்தின் அடிவரை, குறுக்கே 0.458 அங்குலம். நான் போட்டுக்கொண்டிருந்த குண்டோ 0.454!

   

0.458க்கு வார்த்த சுத்த ஈயக் குண்டில் படிவு பெரும்பாலும் அடங்கியது. மிச்சம், குண்டு நுழையும் முனையில் மட்டும் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், காற்று வரும் துளையின் விளிம்பில் ஒரு பிசிறு. அதில் தலைமுடி கனத்தில் ஈயச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குண்டையும் உள்ளே தள்ளும்போதே அது சீவியிருக்கிறது. நுண்ணிய உப்புத்தாளால் அந்த விளிம்பை மட்டும் மழுக்கினேன். இப்போது ஐம்பது குண்டுக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

இறுக்கமான குண்டு வேகத்தைக் குறைக்கும் என்று யாராவது வாதிட வருவார்கள். குறைக்கும்தான், நான் மறுக்கவில்லை. குறி தப்பும் வேகம் எனக்கு எதற்கு?

குண்டுக்கு மசகு தேவைப்பட்டால் மிகச் சிறிதளவு சிலிக்கோன் எண்ணெய் போதும். பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம். உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் தீப்பற்றும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றினால் ஈயம் கரையும் என்பார்கள். கரையும், கரைந்து வருவது ஈய அசிடேட், தோல் வழியாகவே உடம்பில் ஏறும் நஞ்சு. பித்தளைத் தூரிகையில் சுத்தச் செம்பு இழைகளைச் சுற்றிப் பின்முனையிலிருந்து தேயுங்கள், குண்டு வெளியேறும் வாய்ப்பக்கத்து விளிம்பில் தடி உரசக் கூடாது. துடைத்த துணிகளை மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டு, வேறெதையும் தொடுவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.