அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட்டில் ஒரே ஆண்டுக்கு நாற்பது வகை எப்படி வந்தது? புதிதாகச் சேகரிப்பவர் எங்கே தொடங்கலாம்?

நீங்கள் கேட்டது இது: நியூ ஜெர்சியில் ஒரு பழம்பொருள் சந்தையில் 1798 என்று போட்ட பெரிய செப்பு சென்ட் ஒன்றைப் பார்த்தீர்கள். கடைக்காரர், "இந்த வருஷத்துக்கே நாற்பது வகைக்கு மேல் உண்டு, இது எது என்று எனக்குத் தெரியாது" என்றார். அது உண்மையா, இதில் இறங்கினால் கை சுடுமா?

உண்மைதான். கை சுடுமா என்பது நீங்கள் எவ்வளவு பார்க்கப் பழகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்ததே அதுதான். தங்க நாணயம் சேகரிக்கப் பணம் வேண்டும். பழைய செம்புக்கு ஒரு நல்ல லென்ஸும் பொறுமையும் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். விற்பவருக்கு வகை தெரியாத நாணயம் இன்னும் எத்தனையோ புழக்கத்தில் இருக்கிறது. அவர் சாதாரண வகையின் விலைக்குத் தருவது அரிய வகையாக இருக்கலாம்.

முதலில் இத்தனை வகை எப்படி வந்தது என்று பார்ப்போம். 1792 ஏப்ரலில் சட்டம் போட்டு ஃபிலடெல்ஃபியாவில் நாணயச் சாலை தொடங்கினார்கள். சென்ட்டும் அரை சென்ட்டும் 1793இல் வெளிவந்தன. அன்று நாணயம் அடிக்கும் எஃகு அச்சு முழுவதும் இயந்திரத்தில் உருவானதல்ல. சுதந்திரத்தைக் குறிக்கும் பெண்ணின் தலை உருவத்தை மட்டும் ஒரு தாய் அச்சிலிருந்து பதிப்பார்கள். அதற்குப் பிறகு தேதியின் ஒவ்வோர் எண்ணையும், சுற்றியுள்ள ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனி முத்திரைக் கோலை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். இலை மாலையில் உள்ள சிறு காய்களும் காம்புகளும் கைவேலை. அதனால் ஓர் அச்சில் 8 கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், இன்னொன்றில் தோளைத் தொடும். எந்த இரண்டு அச்சும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது.

அந்த எஃகும் அவ்வளவு தரமானதல்ல. சீக்கிரம் விரிசல் விடும். தலைப் பக்கத்து அச்சு உடைந்தால் அதை மட்டும் மாற்றிவிட்டு, பூப்பக்கத்து அச்சைப் புதுத் தலையோடு சேர்த்து ஓட்டுவார்கள். இப்படி ஒரு தலையச்சும் ஒரு பூவச்சும் சேர்ந்த ஒவ்வொரு ஜோடியும் ஒரு வகை. பூப்பக்கத்தில் ஆண்டு கிடையாது என்பதால், உடையாத வரை அதை எந்த ஆண்டுத் தலையோடும் சேர்க்கலாம். 1796 பாணிப் பூப்பக்கம் போட்ட 1798 சென்ட்டுகள் அப்படி வந்தவைதான்.

நாணயச் சாலையின் 1798 கணக்கில் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட சென்ட் இருக்கிறது. அந்த ஆண்டு நாணயத்தைக் கையில் எடுத்தால் முதலில் கூந்தலைப் பாருங்கள். தோளுக்கு அருகே கூடுதலாக ஒரு சுருள் இருந்தால் இரண்டாம் பாணி, இல்லையென்றால் முதல் பாணி. அடுத்து தேதி, பெரிய எண்ணா சின்ன எண்ணா? 8க்கு அடியில் 7இன் சுவடு தெரிகிறதா? தெரிந்தால் முந்தைய ஆண்டுக்குச் செய்த அச்சைத் திருத்திப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்புறம் திருப்பிப் போட்டு, மாலையின் உச்சியில் இலைகள் எப்படி நிற்கின்றன, எந்த எழுத்துக்குக் கீழே இலை முனை வருகிறது, 1/100 என்ற பின்னத்தின் கோடு எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். நாற்பது நாலாகிவிடும், நாலு ஒன்றாகிவிடும். நன்றாகத் தேய்ந்த நாணயத்தில்கூட இது முடியும். முகம் போனாலும் எழுத்துகளின் இடம் போவதில்லை.

தவறுகளும் அப்படியே தங்கிவிட்டன. 1796இல் ஓர் அச்சில் 'லிபர்ட்டி' என்ற சொல்லின் பி எழுத்தைத் திருப்பி அடித்துவிட்டு, மேலேயே சரி செய்தார்கள். இப்போது அது ஹெச் மாதிரித் தெரியும். 1801இல் ஒரே பூப்பக்கத்தில் மூன்று பிழை: பின்னம் 1/100க்குப் பதில் 1/000, மாலைக்கு ஒரு பக்கம் காம்பு இல்லை, 'யுனைடெட்' என்பதன் முதல் எழுத்து இரண்டு ஐ போல நிற்கிறது. 1/000 பிழை அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டில் வேறு அச்சிலும் உண்டு, 1802இலும் உண்டு, திருத்திய அச்சும் உண்டு. வேலை செய்தவருக்கு எவ்வளவு அவசரம் இருந்திருக்கும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

1794ஆம் ஆண்டு சென்ட் தனி உலகம். அதற்கு மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மாரிஸ் 1869இல் அவற்றை வரிசைப்படுத்தி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். ஆப்பிள் கன்னம், இரட்டைத் தாடை, சரிந்த 4 என்று போகும் அந்தப் பெயர்களை இன்றும் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். இந்த ஆண்டில், ஷெல்டன் என்பவர் போட்ட வகைப் பட்டியலில் எஸ்-48 என்று வருவதுதான் எல்லோரும் தேடுவது. பூப்பக்கத்து விளிம்பைச் சுற்றி, அங்கே வரிசையாக நிற்கும் பல் போன்ற சிறு மேடுகளுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்கள் இருக்கும். ஏன் போட்டார்கள் என்பதற்கு உறுதியான பதில் கிடையாது. தேயும்போது முதலில் அழிவது விளிம்புதான். அதனால் பல எஸ்-48களில் நட்சத்திரம் நாலைந்துதான் மிஞ்சியிருக்கும், சிலவற்றில் அதுவும் மங்கல். எழுத்துகளின் இடத்தை வைத்து வகை பிரிக்கத் தெரிந்தவர், நட்சத்திரமே தெரியாத நாணயத்தையும் இனம் கண்டுகொள்வார்.

அரை சென்ட் பக்கம் போனால் நம்மூருக்கு ஒரு சின்னத் தொடர்பு வருகிறது. நியூயார்க்கில் டால்பட், ஆலம் அண்டு லீ என்று இந்தியாவோடு வணிகம் செய்த ஒரு நிறுவனம் இருந்தது. சில்லறைத் தட்டுப்பாட்டில் அவர்கள் 1794, 1795 ஆண்டுகளில் தங்கள் பெயரில் செப்பு டோக்கன்களை விட்டார்கள். செம்புக்கு அலைந்துகொண்டிருந்த நாணயச் சாலை அந்த டோக்கன்களை வாங்கி, வில்லையாக வெட்டி, அதன்மேல் அரை சென்ட் அடித்தது. 1795, 1797 அரை சென்ட்டுகள் சிலவற்றைச் சாய்த்துப் பிடித்தால் பழைய டோக்கனின் எழுத்து அடியில் தெரியும். என்னைக் கேட்டால், அப்படி ஒன்று கிடைத்தால் சற்று அதிக விலை கொடுத்தாவது வாங்கலாம்.

வகை எண்களைப் பற்றிக் கொஞ்சம். 1793 முதல் 1814 வரை சென்ட்டுக்கு எஸ் என்று வருவது வில்லியம் ஷெல்டன் 1949இல் கொடுத்த எண். 1816 முதல் 1857 வரை என் என்று வருவது நியூகோம்ப் என்பவர் கொடுத்த எண். அரை சென்ட்டுக்குக் கோஹன் என்பவர் கொடுத்த எண். இன்று எல்லா நாணயத்துக்கும் போடும் 70 வரையிலான தர எண்ணும் ஷெல்டனுடையதுதான். ஆரம்பத்தில் அது விலைக் கணக்கு: மிகத் தேய்ந்த 1794 சென்ட் ஒரு டாலர் என்றால், மிகச் சிறந்தது 70 டாலர் பெறும் என்று. அதே ஷெல்டன் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் சேகரிப்பிலிருந்து உயர்ந்த நாணயங்களை எடுத்துக்கொண்டு, தன்னுடைய மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்தது அவர் இறந்தபின் வெளியே வந்தது. வழக்கு நடத்தித்தான் சங்கம் பலவற்றை மீட்டது. அவர் எண்களை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவரைப் பெரிய மனிதராகப் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பளபளவென்று செந்நிறமாக மின்னும் இருநூறு வருஷச் செம்பைக் கண்டால் ஒதுங்குங்கள். பெரும்பாலும் யாரோ தேய்த்திருப்பார்கள். நல்ல பழைய செம்பு காப்பிக்கொட்டை நிறத்தில், சீராக, லேசான மினுமினுப்போடு இருக்கும். வீட்டுச் செம்புப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற கையோடு நாணயத்துக்கும் போட்டுவிடாதீர்கள், மதிப்பு அங்கேயே போய்விடும். பச்சைக் களிம்பு இருந்தால் அனுபவம் உள்ளவரிடம் காட்டுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்க வேண்டாம், அதுவே பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். பருத்தித் துணி உள்ளுறை வைத்த சின்னக் காகித உறை போதும்.

1799, 1804 இரண்டும் அரிய ஆண்டுகள், ஆகவே போலி அதிகம். 1798இன் கடைசி எண்ணைச் செதுக்கி 1799 ஆக்கியிருப்பார்கள். 1804க்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. அசல் 1804 சென்ட் எல்லாமே ஒரே அச்சு ஜோடியில் அடித்தவை. தேதியின் பூஜ்யத்துக்கு நேர் பின்னால் 'ஆஃப்' என்ற சொல்லின் ஓ எழுத்து வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். 1860 வாக்கில் தனியார் யாரோ பழைய அச்சுகளை வாங்கி அடித்த 1804ம் சுற்றுகிறது. அதன் பூப்பக்கம் 1820ஆம் ஆண்டுப் பாணி, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எடையும் பாருங்கள்: 1795 இறுதியில் சென்ட்டின் எடையை 13.48 கிராமிலிருந்து 10.89 ஆகக் குறைத்தார்கள். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், வெகுவாகக் கூடக் கூடாது. இப்போது அசல் நாணயத்தையே படியெடுத்துச் செய்யும் போலிகளும் வருகின்றன. அதனால் திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரிடமே வாங்குங்கள்.

தொடங்க நான் சொல்வது 1798 அல்ல, 1839. அந்த ஒரே ஆண்டில் தலை உருவத்தை மாற்றி மாற்றிப் போட்டார்கள். 1838 பாணித் தலை, நெற்றியில் சுருள் துருத்தும் 'அசட்டுத் தலை', கூந்தலுக்குக் கீழே தோள் முனை வெளியே தெரியும் 'மக்குத் தலை', கடைசியாகப் பின்னல் போட்ட சிறிய தலை. சேகரிப்பாளர்கள் வைத்த பட்டப்பெயர்கள்தான் இவை. நாலையும் லென்ஸ் இல்லாமலே பிரித்துவிடலாம், தேய்ந்த நிலையில் விலையும் தாங்கக்கூடியது. நாலையும் வரிசையாக வைத்துப் பழகியபின் நியூகோம்ப் எண்களைத் தேட ஆரம்பிக்கலாம். அதே ஆண்டில் 9க்கு அடியில் 6 தெரியும் ஒரு வகை உண்டு, அது மட்டும் விலை எங்கேயோ போகும். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.