மூடியை வைத்திருந்த பிள்ளை

கேள்வி: சேரன்மகாதேவி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். 'எங்கள் ஊர்க் குளம்' என்ற செயல்திட்டத்துக்கு ஐவர் ஐவராகச் சேர்ந்துகொள்ளச் சொன்னேன். ஒரே தெருப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்துகொண்டார்கள். காது சரியாகக் கேளாத மாணவன் ஒருவனையும், அம்மா பீடி சுற்றுவதால் மாலையில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓடவேண்டிய மாணவி ஒருத்தியையும் யாரும் சேர்க்கவில்லை. குழுவில் ஒருவரே உழைக்க, மதிப்பெண் ஐவருக்கும் போகிறது. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை

பதில்: பிள்ளைகளைத் தாமாகச் சேரவிட்டால் தெருவும் உறவும்தான் குழுவாகும், நம் பக்கத்தில் தெரு என்றால் என்ன பொருள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டுவதைத் தடுக்கவும் மாணவர்களை அகரவரிசைப்படி அமரவைக்கவும் பரிந்துரைத்தது. குழுவையும் அப்படியே பிரியுங்கள். பதிவேட்டில் மாணவர் தனி, மாணவியர் தனி என்றிருந்தால் இரண்டையும் கலந்துகொள்ளுங்கள். "அவனோடு ஏன் என்னைப் போட்டீர்கள்?" என்று கேட்கும் பெற்றோருக்கும் பெயர் வரிசை என்ற ஒரே பதில் போதும்.

அடுத்தது, வேலையைப் பங்கிடுவது. ஒரு வகுப்பில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது: தரையில் சார்ட்டை விரித்து நால்வர் குனிந்திருக்க, ஐந்தாமவள் ஸ்கெட்ச் பேனாக்களின் மூடிகளை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்தப் பாடவேளை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளுடைய பங்கு.

1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், அதுவரை பிரிந்து படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்ந்து பகைமை மூண்டபோது, எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்றவரின் துண்டை அவர் வாயாலேயே கேட்டறிந்தால்தான் பாடம் முழுமையாகும். இந்த முறைக்குக் குளத்தைப் போலப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது. கன்னடியன் கால்வாயிலிருந்து தண்ணீர் எவ்வழியே வருகிறது, மடைகள் எத்தனை, குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அது எங்கே போகிறது, எந்தெந்த வயல்களுக்குப் பாய்கிறது, முன்பு தண்ணீர் முறையை யார் கவனித்தார்கள் என்று ஐவருக்கு ஐந்து பகுதிகள். வயலை விசாரித்தவள் சொல்லாமல், மடையைப் பார்த்தவனால் வரைபடத்தை முடிக்க முடியாது.

காது கேளாத மாணவனிடம் 'நீ வண்ணம் தீட்டு' என்று சொல்லிவிடுவது, இரக்கத்தின் பெயரால் அவனை வாசலில் நிறுத்துவதாகும். மடைகளை அளக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள். குழு வட்டமாக உட்கார்ந்து, அவன் முகம் பார்த்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும். கேள்விகளை எழுதிக் காட்டட்டும். இத்தகைய வசதிகள் சலுகை அல்ல, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை. அந்த மாணவியின் பொருட்டு, குழு வேலை முழுவதையும் பள்ளி நேரத்துக்குள் முடியுங்கள். முன்பு தண்ணீர் முறை எப்படியிருந்தது என்பதை நடவுக்குப் போய்வந்த ஆச்சி ஒருவரிடம் அவள், தம்பியை மடியில் வைத்துக்கொண்டே கேட்டு எழுதலாம்.

மதிப்பெண்ணில் பாதி குழுவுக்கு, பாதி தனித்தனியே. தனி மதிப்பெண்ணுக்கான கேள்வியை ஒவ்வொருவரிடமும் அடுத்தவருடைய பகுதியிலிருந்து கேளுங்கள்.

கேள்வி: நன்றாகப் படிக்கும் என் மகள், குழுவில் மற்றவர்கள் செய்யாததையும் சேர்த்து இரவு 11 மணிவரை எழுதுகிறாள். தடுக்கலாமா?
— ஒரு தந்தை, பாளையங்கோட்டை

பதில்: தடுங்கள். தன் பகுதி முடிந்ததும் அவள் நோட்டை மூடட்டும். மற்றவர் பக்கம் காலியாக இருந்தால் காலியாகவே வகுப்புக்குப் போகட்டும், ஆசிரியர் அதைப் பார்க்கட்டும். ஆனால் அதற்கு முன் ஒன்றை விசாரித்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அவர்கள் செய்யவில்லையா, அல்லது 'உன் கையெழுத்து நன்றாக இல்லை' என்று இவளே பிடுங்கி எழுதுகிறாளா? முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் உண்டு. நானும் அதைச் செய்தவன்தான்.