25 டிகிரி என்ற நிபந்தனை

ஐயா,

2என்3904 டிரான்சிஸ்டரின் டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) கலெக்டர்–எமிட்டர் கால்களுக்கு இடையே அதிகபட்சம் 40 வோல்ட், மின்னோட்டம் 200 மில்லி ஆம்பியர் என்று இருக்கிறது. நான் அதன் குறுக்கே 30 வோல்ட் நிற்கவிட்டு 150 மில்லி ஆம்பியர்தான் ஓட்டினேன். கருகிவிட்டது. போலிச் சரக்கா? எமிட்டர்–பேஸ் 6 வோல்ட் என்கிறார்களே, அது எதற்கு?

க.

அன்புள்ள க.,

போலி என்ற பேச்சை விடுங்கள், அசலும் கருகியிருக்கும். 6 வோல்ட், எமிட்டரும் பேஸும் சேரும் சந்தியில் தலைகீழாகக் கொடுக்கும் மின்னழுத்தத்துக்கான வரம்பு. உங்கள் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

30ஐ 0.15ஆல் பெருக்கிப் பார்த்தீர்களா? 4.5 வாட். அதே அட்டவணையில், தாங்கும் வெப்பம் அதிகபட்சம் 625 மில்லி வாட் என்றும் இருக்கிறதே, அதை ஏன் படிக்கவில்லை? சுவிட்சாக முழுதும் ஆன் ஆகியிருந்தால் குறுக்கே மிகக் குறைந்த வோல்ட்தான் நிற்கும்; அதே 150 மில்லி ஆம்பியரைக் கருகாமல் தாங்கியிருக்கும்.

ஆனால் அந்த 625க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை உண்டு: சுற்றுப்புறம் 25 டிகிரி. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 5 மில்லி வாட் கழிக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் மிஞ்சுவது 425.

இதைப் படிக்காமல் நானும் ஒருவருக்குத் தீங்கு செய்திருக்கிறேன். 2என்3055 என்ற பெரிய டிரான்சிஸ்டரை வைத்து 5 வோல்ட் பவர் சப்ளை கட்டினேன். உள்ளே வருவது 30 வோல்ட், வெளியே 3 ஆம்பியர். டிரான்சிஸ்டர் மேல் விழுவது 75 வாட். தாளில் 115 வாட் என்று இருந்தது, நிம்மதியாகிவிட்டேன். அந்த 115, உலோகக் கூடே 25 டிகிரியில் இருந்தால்தான். மேலே போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.657 வாட் குறையும். சூட்டை வெளியேற்ற நான் பொருத்திய சின்ன ஹீட்சிங்கில் கூடு 110 டிகிரியைத் தொட்டிருந்தால் மிச்சம் 59 வாட்தான். 75 வாட் ஓடும் கூட்டை 25 டிகிரியில் பிடித்துவைக்க எந்த ஹீட்சிங்காலும் ஆகாது. அந்த எண் டிரான்சிஸ்டர்களை ஒப்பிடத்தான், அப்படியே எடுத்துக் கட்டுவதற்கு அல்ல.

டிரான்சிஸ்டர் செத்தபோது கலெக்டரும் எமிட்டரும் உள்ளேயே ஒட்டிக்கொண்டன. நண்பர் மாதக்கணக்கில் பற்றவைத்த பலகைக்குள் 30 வோல்ட் அப்படியே பாய்ந்தது. ஒரு சிப்பின் முதுகில் மயிரிழை போல் வெடிப்பு. அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

நீங்கள் கேட்டு எழுதியது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அடுத்த கடிதத்தில் வோல்ட், ஆம்பியரோடு வாட்டும், பெட்டிக்குள் அளந்த வெப்பநிலையும் இருக்கட்டும்.